‘நிலையம் பொறுப்பல்ல’ என்ற பலகையை இறக்குங்கள்: நம் ஊர் அழகு நிலைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவு இப்போது நம் ஊர் பார்லர் சுவர்களில் எல்லாம் தொங்குகிறது. “மெஹந்தி, ஹேர் டை, ஃபேஷியல் ஆகியவற்றால் ஒவ்வாமை ஏற்பட்டால் நிலையம் பொறுப்பல்ல.” ஒரே அச்சகம், ஒரே சிவப்பு எழுத்து. அடிக்கடி புகார் வருகிறது, அதனால் இந்த ஏற்பாடு என்று உங்கள் உறுப்பினர் ஒருவரே என்னிடம் சொன்னார். புகார் வருகிறது என்றால் ஏன் வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பலகை அடித்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கல்யாண ஜாக்கெட் தைக்கிறவள். ஆரி வேலையும் செய்கிறேன். உங்களுக்கு யார் வாடிக்கையாளரோ அவர்தான் எனக்கும். நிச்சயம் முடிந்ததும் பெண்ணும் அம்மாவும் துணியோடு என்னிடம் வருவார்கள், அடுத்து மேக்கப் பேச உங்களிடம் வருவார்கள். உங்கள் வாடகை, உங்கள் சீசன், ஆள் கிடைக்காத கஷ்டம் எல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நினைக்கிறவள் இல்லை நான். ஆனால் அளவு எடுக்கும்போது கைகளையும் கழுத்தையும் பக்கத்தில் பார்க்கிற வேலை எனது. அந்தக் கைகளில் நான் பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் என் வீட்டில் நடந்தது. கார்த்திகை முகூர்த்தம் ஒன்றில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மெஹந்தி போட உங்கள் உறுப்பினர் ஒருவருடைய நிலையத்திலிருந்து ஆள் வந்தது. மணப்பெண்ணுக்குப் பழுப்புக் கோன். சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, நேரமாகிவிட்டது என்று, கறுப்புக் கோன். “இது எமர்ஜென்சி கோன், அரை மணி நேரத்துல புடிச்சிடும்” என்று சொல்லித்தான் போட்டார்கள். என் சின்ன மகளுக்கு அப்போது 11 வயது. இரண்டு உள்ளங்கையிலும் புறங்கையிலும் கொடியும் மாங்காயும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அரிப்பு. அதற்கு அடுத்த நாள் மெஹந்தி போட்ட கோடு மட்டும் தடித்து எழும்பியது. அப்புறம் அந்தக் கோடு முழுக்க நீர்க் கொப்புளம். கொடியின் ஒரு வளைவுகூட மாறாமல், வரைந்த வடிவம் அப்படியே புண்ணாகி நின்றது. புறங்கை வீங்கி விரல் மடங்கவில்லை. அரையாண்டுத் தேர்வு நேரம், பேனா பிடிக்க முடியாமல் அழுதாள். புண் ஆறின பிறகும் அந்தக் கொடி போகவில்லை. சுற்றியுள்ள தோலைவிட வெளுத்த கோடாக இன்றும் இடது புறங்கையில் தெரிகிறது. பள்ளியில் யாராவது கேட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறாள்.

அந்த நிலையத்துக்குப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: “அவளுக்குச் சூட்டு உடம்புக்கா. மருதாணி குளிர்ச்சி, உள்ள இருக்குற சூட்டை வெளிய தள்ளுது. ரெண்டு நாள்ல சரியாயிடும்.” அதைச் சொன்ன பெண் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது உண்மை இல்லை. உண்மை இல்லாத ஒன்றை நம்பி ஊர் முழுக்கப் பிள்ளைகளின் கையில் பூசிக்கொண்டிருக்கிறோம்.

அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு முன்னாடி எப்பவாவது கறுப்பு மெஹந்தி, டாட்டூ ஏதாவது போட்டாளா?” போட்டிருந்தாள். முந்தின வருடம் பொருட்காட்சியில் தோளில் ஒரு பட்டாம்பூச்சி. அப்போது ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒவ்வாமை அப்படித்தான் வேலை செய்யும் என்று மருத்துவர் விளக்கினார். முதல் தடவை தோலின் எதிர்ப்புச் செல்கள் அந்த ரசாயனத்தை எதிரி என்று அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம். அடுத்த தடவை பட்டதும் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் தாக்குதல் தொடங்கும். கொசு கடித்ததும் தடிப்பது மாதிரி உடனே வராது. “போன தடவை போட்டப்ப ஒண்ணும் ஆகலையே” என்று உங்கள் ஆட்கள் சொல்வது இதனால்தான் எதையும் நிரூபிப்பதில்லை. போன தடவை போட்டதுதான் காரணமே.

அவரது இரண்டாவது கேள்வி, “அந்தக் கோன் கிடைக்குமா?” குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். அதே பெட்டியில் வேறு கோன் இருக்குமா என்றேன். எங்கே வாங்கியது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

பிறகு முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். சின்னச் சின்ன வட்டங்களில் வெவ்வேறு ரசாயனங்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதற்கடுத்த நாட்களிலும் பார்த்தார்கள். ஒரே ஒரு வட்டம் சிவந்து கொப்பளித்தது. பாரா-ஃபீனைலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி. இனி அவள் வாழ்நாள் முழுக்க இந்த ஒவ்வாமை இருக்கும். பி.பி.டி. உள்ள ஹேர் டை கூடாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, உடம்பை மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். சிலருக்குத் துணியில் போடும் சில அடர் சாயங்களும் ஒத்துக்கொள்ளாதாம். கறுப்பு லைனிங் துணியை வெட்டிப் பிழைக்கிற என்னிடம் இதைச் சொன்னபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போட்ட ஒரு கோனுக்கு 11 வயதுப் பெண் கொடுத்த விலை இது.

மருதாணி மேல் எனக்குக் கோபம் இல்லை. மருதாணி இலையில் உள்ள சாயத்தின் பெயர் லாசோன். அது தோலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். விழுதை எடுத்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாக மாறும். அதற்கு ஒவ்வாமை வருவது அபூர்வம். (கைக்குழந்தைக்கு மட்டும் அதையும் பூசக் கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிற குழந்தைக்கு இரத்த அணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.) தோட்டத்து இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைத்து, இரவு முழுக்க வைத்திருந்தாலும் அது சிவக்கும், கறுக்காது. ஒரு மணி நேரத்தில் மை மாதிரி கறுக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த வேறு ஏதோ, தலைமுடிக்குப் போடுகிற டையில் இருக்கும் அதே பி.பி.டி.தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹேர் டையில் பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் வரைவதற்கு அனுமதியே கிடையாது. அங்கே ஹேர் டை பெட்டியில், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது அல்ல என்றும், கறுப்பு மருதாணி டாட்டூ போட்டவர்களுக்கு ஒவ்வாமை ஆபத்து கூடும் என்றும் அச்சிட வேண்டும். அமெரிக்காவிலும் பி.பி.டி. தலைமுடிக்கு மட்டும்தான். கறுப்பு மெஹந்தியைச் சோதித்த ஆய்வுகளில் 15 சதவீதம் வரையும் அதைத் தாண்டியும் கண்டிருக்கிறார்கள். தலையில் பூசிக் கழுவுகிற பொருளுக்கே 2 சதவீதம் எல்லை என்னும்போது, குழந்தை கையில் அப்படியே காயவிடுகிற பொருளில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா?

வெளிநாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்பீர்கள். சரி, நம் சட்டத்துக்கே வருவோம். உங்கள் கடையில் இருக்கும் ஹேர் டை பெட்டியைத் திறந்து உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்துப் படியுங்கள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த விதிப்படி அச்சிட்ட எச்சரிக்கை அது. ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறை போடுவதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும், இமை முடிக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வை போகலாம் என்று அதில் இருக்கும். ஒவ்வொரு முறையும் என்று எழுதியிருப்பதை மறுபடி படியுங்கள். நம் ஊரில் எந்த பார்லரிலாவது ஒருமுறையாவது செய்கிறார்களா? என்னிடம் ஜாக்கெட் தைக்கும் அம்மா ஒருவர், மகன் கல்யாணத்துக்கு முதல் நாள் நரைக்கு டை அடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் நெற்றியும் காதும் வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. தலையில் பட்டது கண்ணை மூடும். இமைத் தோல் அவ்வளவு மெல்லியது. மகன் தாலி கட்டியதை அந்த அம்மா பார்க்கவில்லை.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் ஒன்று சொன்னார். அங்கே வெள்ளைக்காரப் பெண்கள் உடம்பு கொஞ்சம் பழுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஸ்ப்ரே அடித்துக்கொள்கிறார்கள். அதில் நிறம் தருவது டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்ற சர்க்கரை வகை. அதற்கு ஒவ்வாமை வருவது அரிது, கூடக் கலக்கும் வாசனைப் பொருளும் கெடாமல் வைக்கும் ரசாயனமும்தான் அதைவிட அதிகமாகத் தொந்தரவு தரும். அதற்கே அவர் போகிற நிலையத்தில் முதல் நாள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறார்கள், முன்பு எதற்காவது தோல் வெடித்ததா என்று கேட்டு எழுதி வைக்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு வீரியமான பொருளை நாம் ஒரு கேள்வியும் கேட்காமல் பூசுகிறோம்.

இனி நான் சொல்லப் போவது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் நிலையங்களில் டை கலக்குகிற பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? என் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள், பத்தாவது முடித்துவிட்டு உங்களில் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள். நாள் முழுக்க டை கலப்பதும் தலை கழுவுவதும் அவள் வேலை. கையுறை கிடையாது. டை பெட்டிக்குள் வரும் பிளாஸ்டிக் உறை முதல் தலைக்கே கிழிந்துவிடும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகத்தைச் சுற்றி நீர் கோத்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறாள். முதலாளியம்மாவிடம் சொன்னதற்கு, தேங்காய் எண்ணெய் தடவு, பழகிடும் என்றார்களாம். பழகாது. ஒவ்வாமை வந்த தோல் தொடத் தொட மோசமாகும். கடைசியில் அவள் வேலையை விட வேண்டியிருக்கும், கற்றுக்கொண்ட தொழில் கையை விட்டுப் போகும். சிகை அலங்காரத் தொழிலாளர்களின் கைப்படை உலகம் முழுக்கத் தெரிந்த தொழில் நோய். மாதம் முழுக்க இதைத் தொடுகிறவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, உங்கள் பெண்கள். உங்கள் பலகையில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை. உறுப்பினர்களைக் காக்கத்தான் அந்த முடிவு என்றால், அந்தக் கைகள் யாருடையவை?

உங்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளரே கறுப்பு வேண்டும் என்று கேட்கிறாராம். கேட்கிறார்கள்தான். கை எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு ஆசையாக வைத்துக்கொள்ளும் மாப்பிள்ளை கிடைப்பான் என்று சொல்லி வளர்த்த ஊர் இது, அடர்த்தியாக வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொன்ன பிறகும் எத்தனை அம்மாக்கள் பிள்ளை கையை நீட்டுவார்கள் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சீசனில் சோதனைக்கெல்லாம் நேரம் ஏது என்கிறீர்கள். கல்யாணத் தேதி மூன்று மாதம் முன்பே தெரிகிறது. முன்பணம் வாங்க வரச் சொல்லும் நாளில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு டை தடவி அனுப்ப இரண்டு நிமிடம் ஆகாது. எல்லோருக்குமா வருகிறது, எவளோ ஒருத்திக்குத்தானே என்ற பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒருத்தியின் அம்மா நான்.

உங்கள் சங்கத்திலேயே சரியாகச் செய்கிறவர் இருக்கிறார். பெயர் சொன்னால் சங்கடப்படுவார். மருதாணிப் பொடியைத் தானே சலித்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கொஞ்சம் யூகலிப்டஸ் எண்ணெயும் விட்டுக் குழைத்து, கோன் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே போட்டால்தான் முகூர்த்தத்தன்று நிறம் ஏறும் என்று சொல்லித்தான் ஆர்டர் எடுக்கிறார். கறுப்பு கேட்பவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுகிறார். அவருக்கு ஆர்டர் குறையவில்லை. முடியாது என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் அவர் தினமும் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தப் பலகையின் மதிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறை இருந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. சுவரில் மாட்டிய ஒரு வரி அந்த உரிமையை அழித்துவிடாது. உங்களில் யாராவது வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நான் கேட்பவை இவை. பலகையை இறக்குங்கள். அந்த இடத்தில், கறுப்பு மெஹந்தியோ டையோ முன்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் சொல்லுங்கள் என்று எழுதி மாட்டுங்கள். எமர்ஜென்சி கோன், இன்ஸ்டன்ட் கோன், கறுப்புக் கோன் என்று எந்தப் பெயரில் வந்தாலும் தோலில் போடுவதை நிறுத்துவதாகச் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். தயாரித்தவர் பெயர், உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், உள்ளடக்கம் எதுவும் இல்லாத கோனைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். கறுப்புக் கோனுக்குப் பேட்ச் டெஸ்ட் செய்துவிட்டுப் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அதைத் தோலில் போடவே கூடாது, சோதனை அதை நல்லதாக்காது.

ஹேர் டைக்குத் தாளில் சொன்ன சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். விதி 24 மணி நேரம் என்கிறது, ஆனால் இந்த ஒவ்வாமை அதற்கு மேலும் தாமதமாக வரும் என்பதால் இரண்டு மூன்று நாள் முன்பே வைத்துப் பாருங்கள். முன்பு கறுப்பு மெஹந்திக்குக் கொப்புளம் வந்தவர் என்றால் நீங்களே சோதிக்காதீர்கள், தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். 16 வயதுக்குக் கீழே யாருக்கும் டை வேண்டாம். எந்த நிறுவனத்தின் எந்தத் தயாரிப்புத் தொகுதி யாருக்குப் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் அந்தப் பெட்டியையும் கோனையும் எடுத்துக் கையில் கொடுங்கள், மருத்துவருக்கு அது வேண்டும். வேலை செய்யும் பெண்களுக்கு ஒவ்வொரு தலைக்கும் புது நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே கை வெடித்தவர்களைச் சம்பளம் பிடிக்காமல் மருத்துவரிடம் அனுப்பி, டை தொடாத வேலைக்கு மாற்றுங்கள்.

என் மகளுக்காக நான் பணம் கேட்கவில்லை. அந்த நிலையத்தின் பெயரையும் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், மருத்துவ அறிக்கையும் டை பெட்டியின் தாளும் கொண்டுவருகிறேன். தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் சங்கத்தின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், ஊரில் விற்கும் கோன்களை மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லி மருந்து ஆய்வாளரிடம் மனு கொடுப்பேன். இப்போதே என்னோடு கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தையல்காரர் ஒருவர்